ஊர் கூப்பிடும் பெயரை லேபிளில் காணோமே!

காங்கேயம் பக்கமிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 38. மாமனார் காலத்தில் ஓடி, அவருக்குப் பின் பூட்டிக் கிடந்த மரச்செக்கை மூன்று வருடத்துக்கு முன்பு தூசு தட்டி ஓட்டத் தொடங்கியிருக்கிறார். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஆட்டுகிறார். திருப்பூர், கோவை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக எண்ணெய் நன்றாகவே போகிறது. இப்போது ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோர் கேட்டிருக்கிறது. பெயர், லோகோ, டேக்லைன் (பெயருக்குக் கீழே வரும் ஒரு வரி வாசகம்) எல்லாம் போட்ட பாட்டில் வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

பெயரை 'சுத்தத் துளி' என்று வைத்தாராம் (அடையாளம் தெரியாமலிருக்க நான் மாற்றியிருக்கிறேன்; தன்மை அதேதான்). கோவையில் ஒரு டிசைனர் தம்பி 6,000 ரூபாய்க்கு லோகோ செய்து கொடுத்திருக்கிறார். செக்கைச் சுற்றும் காளை, பக்கத்தில் சிரிக்கும் பாட்டி, மேலே ஒரு எண்ணெய்த் துளி, துளிக்குள் ஒரு இலை, பின்னணியில் கோபுரம், எல்லாவற்றுக்கும் தங்க நிறம். கீழே டேக்லைன்: '100% சுத்தம், இதயத்தின் காவலன்'. சிவகாசியில் 10,000 லேபிளுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஈரோட்டுப் பக்கம் ஏறக்குறைய இதே பெயரில் எண்ணெய் விற்கும் ஒருவர், 'பெயரை ஒரு வாரத்தில் எடுக்காவிட்டால் வழக்குப் போட்டு உள்ளே தள்ளுவேன்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார்.

'ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், உத்யம் சான்றிதழ் மூன்றும் இந்தப் பெயரில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் பெயர் எனக்குத்தானே சொந்தம்? எதிர்த்து நிற்கட்டுமா, ஒரு எழுத்தை மாற்றிக்கொள்ளட்டுமா, பெயரையே விட்டுவிடட்டுமா? வீட்டுக்காரர் வேறு, பெரிய கம்பெனி லேபிள் மாதிரியே கலர் போட்டால் கடையில் சட்டென்று எடுப்பார்கள் என்கிறார்' என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் சிவகாசிக்கு ஒரு போன் போட்டு, அச்சு ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள். அட்வான்ஸில் கொஞ்சம் போனாலும் போகட்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஊறுகாய் செய்யும் ஒரு அம்மா, பெயர்த் தகராறு வந்த பிறகு என்னிடம் வந்தார். அச்சாகி வந்த உறைகள் அவர் வீட்டுத் திண்ணையில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. அத்தனையும் கடைசியில் பழைய பேப்பர்காரருக்குத்தான் போயிற்று. உங்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. நீங்கள் எழுதிய நேரம் நல்ல நேரம்.

லைசென்ஸ் வேறு, பெயர் உரிமை வேறு

தொழில் தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் நம்புவதைத்தான் நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கு. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் உணவுப்பொருள் விற்பதற்கு. உத்யம் பதிவு நீங்கள் சிறுதொழில் செய்பவர் என்பதற்கு. ஒரே பெயரில் பத்துப் பேருக்கு இந்த மூன்றும் கிடைக்கும். அந்த அலுவலகங்கள் உங்கள் பெயரை வேறொருவர் வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதே இல்லை. பெயருக்கும் லோகோவுக்கும் உரிமை தருவது 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டம். அதற்கான நம் பகுதி அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம்.

அந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுதான் உங்கள் உண்மையான சிக்கல். ஈரோட்டுக்காரர் அடுத்தபடிதான். பொருளின் தன்மையை, தரத்தை, வகையை அப்படியே சொல்லும் சொல்லை ஒருவர் தனக்கு மட்டும் என்று பதிவு செய்துகொள்ள முடியாது என்கிறது அந்தப் பிரிவு. சுத்தம், தூய, தங்கம், பாரம்பரியம், மரச்செக்கு, நாட்டு, துளி... எண்ணெய் விற்கும் எல்லோருக்கும் தேவைப்படும் சொற்கள் இவை. நீண்ட நாள் புழங்கி, அந்தச் சொல்லைக் கேட்டாலே உங்கள் பொருள்தான் நினைவுக்கு வரும் என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. மூன்று வருட வியாபாரத்தை வைத்துக்கொண்டு அதை நிரூபிப்பது கடினம்.

இதற்கு நம் உயர் நீதிமன்றத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்டிருந்த ஐடிசி, 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லே மீது வழக்குத் தொடுத்தது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம், 'மேஜிக்', 'மசாலா' இரண்டும் பலரும் புழங்கும் சொற்கள், அவற்றை யாரும் தனியுரிமையாகக் கொண்டாட முடியாது என்று வழக்கைத் தள்ளியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அதுதான் கதி என்றால், 'சுத்தத் துளி'க்காக நீங்களோ ஈரோட்டுக்காரரோ எவ்வளவு தூரம் போக முடியும் என்று யோசியுங்கள்.

ஈரோட்டுக்காரருக்கு என்ன பதில்?

பயப்படாதீர்கள். ஆனால் அலட்சியமாகவும் விடாதீர்கள். வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். பதிவேட்டில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள்; சமையல் எண்ணெய் 29-ஆவது வகுப்பில் வரும். அந்த வகுப்பில் அவர் பெயரை எழுத்துப்படியும் ஒலிப்படியும் தேடுங்கள். அவர் பெயருக்கு எதிரே 'ரெஜிஸ்டர்டு' என்று இருக்கிறதா, 'அப்ஜெக்டட்' (ஆட்சேபம் எழுந்தது) என்று இருக்கிறதா, பெயரே இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் நம் பதில். விண்ணப்பம் போட்டதுமே பெயர் தன்னுடையது என்று பலர் மிரட்டுகிறார்கள். ஆதாரமில்லாத மிரட்டலை நிறுத்தச் சொல்லி, மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடுக்கவும் சட்டத்தில் 142-ஆவது பிரிவு இடம் தருகிறது.

அவர் பதிவு செய்திருந்தாலும் கதை அதோடு முடிவதில்லை. யார் முதலில் புழங்கினார் என்ற கேள்வி பதிவையும் தாண்டி நிற்கும். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மங்கலான வெளிச்சத்தில் மாலையில் மட்டும் வியாபாரம் நடக்கும் கடை அது. 'திருநெல்வேலி' என்பதை முன்னால் சேர்த்து இன்னொருவர் அதே பெயரைப் பதிவே செய்திருந்தார். 2015-இல் உச்ச நீதிமன்றம், முந்தைய புழக்கத்தால் வந்த உரிமை பதிவைவிட மேலானது என்று பழைய கடைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

உங்கள் விஷயத்தில் இந்தக் கத்தி உங்கள் பக்கமே திரும்பலாம். ஈரோட்டுக்காரர் ஏழு வருடமாக விற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மூன்று வருடம்தான். ஆக, எதிர்த்து நின்றால் காலமும் பணமும் போகும். வென்றாலும் கையில் மிஞ்சுவது, மூன்றாவது ஆள் நாளைக்கே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பலவீனமான பெயர்.

ஒரு எழுத்தை மாற்றும் யோசனையும் வேண்டாம். நீதிமன்றம் இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறு வித்தியாசம் தேடுவதில்லை. ஒன்றைப் பார்த்த ஞாபகத்தோடு கடைக்கு வருகிற சாதாரண ஆள் மற்றதை எடுத்துவிடுவாரா என்றுதான் பார்க்கிறது. உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் 'பெரிய கம்பெனி கலர்' யோசனைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பார்லே குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பெண் வாளியில் தண்ணீர் கொண்டு போவாள், சுற்றிலும் பசுவும் கோழியும். மைசூர்க் கம்பெனி ஒன்றின் உறையிலும் ஒரு பெண், தலையில் வைக்கோல் கட்டு; பசு ஒன்றுதான், கோழிகள் உண்டு; நிறமும் அளவும் ஏறக்குறைய அதே. வாளி வேறு, வைக்கோல் வேறு என்ற வாதம் எடுபடவில்லை. 1972-இல் உச்ச நீதிமன்றம் பார்லேவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வீட்டுக்காரரிடம் இந்த ஒரு வழக்கை மட்டும் சொல்லுங்கள், போதும்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கம்

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியம். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'மாமனார் காலத்திலிருந்தே எங்கள் செக்குக்கு நீலக் கதவு. இன்னும் ஊரில் நீலக்கதவு எண்ணெய் என்றுதான் கேட்கிறார்கள், எங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை' என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். (இதையும் மாற்றித்தான் எழுதுகிறேன். நிஜப் பெயர் விண்ணப்பம் போடும் வரை நம் இருவருக்குள் இருக்கட்டும்.)

சகோதரி, இதற்கா வருத்தப்படுவது? இருட்டுக்கடைக்கும் ஊர்தான் பெயர் வைத்தது. நம் தாத்தா பாட்டிகள் கடைக்குப் போய் 'எந்த மார்க்?' என்று கேட்பார்கள். தீப்பெட்டியோ பட்டாசோ, யானை மார்க், குதிரை மார்க் என்று படத்தைச் சொல்லித்தான் வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சரியான பொருளை எடுத்துப் போக அந்தப் படம் உதவியது. இன்று திருப்பூரில் உங்கள் எண்ணெய் வாங்குகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டுத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நீலக் கதவை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

சட்டத்தின் கண்ணிலும் இது வலுவான பெயர். கதவுக்கும் எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பொருளை வர்ணிக்காத சொல் என்பதால் 9-ஆவது பிரிவின் தடை அநேகமாக எழாது. இன்னொரு செக்குக்காரர் 'எனக்கும் இந்தச் சொல் தேவை' என்று சொல்ல முகாந்திரமே இல்லை. 29-ஆவது வகுப்பில் கதவு என்ற பெயரோ படமோ வேறு யாருக்கும் இருக்கிறதா என்று தேடிவிட்டு உறுதி செய்யலாம்.

லோகோவை மூடியில் ஒட்டிப் பாருங்கள்

நீங்கள் அனுப்பிய லோகோவை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி அச்செடுத்து, வீட்டிலிருந்த ஒரு எண்ணெய் பாட்டில் மூடியில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். காளை ஒரு பழுப்புப் புள்ளியாகிவிட்டது. பாட்டியின் முகம் கோபுரத்தோடு கலந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் தங்க நிறம் முழுக்கச் சாம்பலாகி, துளியும் இலையும் காணாமல் போயின. இதைத்தான் அட்டைப்பெட்டியில் ஒற்றை நிறத்தில் அச்சடிப்பார்கள், ரப்பர் ஸ்டாம்பில் வெட்டுவார்கள், வாட்ஸ்அப் முகப்பில் வட்டமாக நறுக்கிக் காட்டுவார்கள்.

எழுத்தையும் கவனியுங்கள். 'எண்ணெய்' என்ற சொல்லில் சுழி அதிகம். சின்ன அளவில், தடித்த எழுத்தில் அச்சடித்தால் சுழிகள் மையில் அடைபட்டு 'ண்ணெ' ஒரே கறையாகிவிடும். கடைசியில் இருக்கும் 'ய்' புள்ளி அநேகமாக முதலில் காணாமல் போவது. உங்கள் மாதிரி லேபிளில் 'எண்ணெய' என்றுதான் எனக்குத் தெரிந்தது. சுழி அகலமான எழுத்துரு கேளுங்கள். பாட்டில் வளைவானது, எதிரே நிற்பவருக்கு லேபிளில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படும் என்பதையும் டிசைனரிடம் நினைவூட்டுங்கள். பெயரும் படமும் அந்த ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும்.

காளை, பாட்டி, துளி, இலை நான்கும் இன்று செக்கெண்ணெய் விற்கிற ஏறக்குறைய எல்லோர் லேபிளிலும் இருக்கின்றன. 'இது செக்கெண்ணெய்' என்று அவை சொல்லும். 'இது உங்கள் எண்ணெய்' என்று சொல்லாது. கோபுரத்தைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். கோபுரம் தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது. அரசு முத்திரைபோல் தோன்றும் எதையும் வணிகத்துக்குப் பயன்படுத்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை போடுகிறது. எல்லாக் கோபுரமும் அந்தத் தடைக்குள் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விவாதத்தில் நீங்கள் ஏன் சிக்க வேண்டும்?

நீலக் கதவை எப்படி வரைவது என்பது டிசைனரின் வேலை, நான் அதில் தலையிட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இணையத்தில் எல்லோருக்கும் ஆயத்தப் படங்கள் விற்கும் படக்கிடங்கிலிருந்து ஒரு கதவை எடுக்காமல், அவரை உங்கள் ஊருக்கு வரவழைத்து, உங்கள் கதவின் எதிரே உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், நிலைப்படியில் மஞ்சள் பூசியிருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் கதவுக்கு மட்டும் உரியவை. நீலம் இல்லாமல் கறுப்பில் அச்சடித்தாலும் அது உங்கள் கதவாகவே தெரிய வேண்டும்.

கடைப் பலகைக்கும் சேர்த்து யோசியுங்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலில், பெரிதாக இருக்க வேண்டும்; தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது விதி. ஆங்கிலத்தில் முதலில் வடிவமைத்துவிட்டு, தமிழைப் பிறகு ஓரத்தில் திணிக்கிற பழக்கத்தால் பல நல்ல லோகோக்கள் பலகையில் ஏறும்போது குலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

காசு கொடுத்ததால் மட்டும் படம் உங்களுடையது ஆகாது

6,000 ரூபாய் கொடுத்து ரசீதும் வைத்திருக்கிறீர்கள். அது கூலி கொடுத்ததற்கு ஆதாரம். பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்துக்கு முதல் உரிமையாளர் பொதுவாக அதை வரைந்தவர்தான். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வரைந்தால் கதை வேறு. வெளியாள் வரைந்தால் எழுத்தில் உரிமை மாற்றம் வேண்டும். வாய்ச்சொல் போதாது. அந்தக் காகிதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உங்கள் எண்ணெய் நாளைக்குச் சிங்கப்பூர் போகாது என்று யார் சொன்னது? ஆகவே 'பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்' என்ற மூன்றும் இருக்கட்டும், அந்தத் தம்பி கையெழுத்துப் போடட்டும்.

அந்தக் காளை அவர் கையால் வரைந்ததா, இணையத்தில் இறக்கியதா என்று ஒரு முறை கேளுங்கள். படக்கிடங்குப் படங்களைக் காசு கொடுத்தே வாங்கியிருந்தாலும், அவற்றை லோகோவாகப் பயன்படுத்தக் கூடாது என்பதே பெரும்பாலான கிடங்குகளின் நிபந்தனை. அதே காளையை இன்னும் நூறு பேர் இறக்கியிருப்பார்கள் என்பது வேறு. புதிய லோகோவுக்கு, படமாக மட்டும் இல்லாமல், அச்சகத்துக்குத் தேவையான கோரல் டிரா மூலக் கோப்பையும், எழுத்துருவின் பெயரையும், நிற எண்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தம்பி போன் எடுக்காவிட்டால் அப்போது தெரியும் அதன் அருமை.

டேக்லைன்: சொன்னால் காப்பாற்ற வேண்டும்

'100% சுத்தம், இதயத்தின் காவலன்' என்பதில் மூன்று தனித்தனி ஆபத்துகள் இருக்கின்றன. 2025 மே மாதத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், லேபிளிலும் விளம்பரத்திலும் '100%' என்று போடுவதை விடச் சொல்லி உணவுத் தொழில் செய்பவர்களுக்கு அறிவுறுத்தியது. அடுத்து, சமையல் எண்ணெய்க்கென்றே தடை செய்யப்பட்ட சொற்களின் பட்டியல் விதிகளில் இருக்கிறது. டபுள் ரிஃபைன்டு, கொலஸ்ட்ராலை எதிர்ப்பது, இதயத்துக்கு இதமானது என்பன போன்றவை அதில் வரும். 'இதயத்தின் காவலன்' அதே குடும்பம்தான். அதிகாரி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. மூன்றாவதாக, நல்லெண்ணெயில் 'இதயம்' என்ற சொல் விருதுநகர் நிறுவனம் ஒன்றின் பெயராக வீடுதோறும் தெரிந்தது. அதே பொருளில், அதே சொல்லை நீங்கள் லேபிளில் போட்டால் அடுத்த வாட்ஸ்அப் செய்தி ஈரோட்டிலிருந்து வராது, அவ்வளவுதான்.

'எதுவும் சேர்க்காதது' என்று மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போடத்தான் வேண்டும், அதுதான் நம் முறை. ஆனால் கருப்பட்டி போட்ட நல்லெண்ணெயில் 'எதுவும் சேர்க்காதது' என்று எழுதினால் அது உண்மையில்லை. கருப்பட்டியைப் பெருமையாகச் சொல்லுங்களேன், ஏன் மறைக்கிறீர்கள்? 'வீட்டில் செய்தது' என்ற சொல்லுக்கும் விளம்பர விதிகள் இடம் தருவதில்லை, அதையும் விட்டுவிடுங்கள்.

நினைவில் நிற்கும் வாசகம் எதையாவது யோசித்துப் பாருங்கள். 'பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு' என்றால் நரசுஸ் காபி. அதில் சுத்தம் இல்லை, தரம் இல்லை, பாரம்பரியம் இல்லை. ஒரு வாய் காபி குடித்தவர் வாயிலிருந்து வருகிற சத்தம் மட்டும் இருக்கிறது. எல்ஐசியைப் பாருங்கள். இரண்டு கைகள் ஒரு விளக்குச் சுடரை அணையாமல் பொத்திப் பிடித்திருக்கும். கீழே 'யோகக்ஷேமம் வஹாம்யஹம்' என்ற கீதை வாசகம், உன் நலத்தை நான் சுமக்கிறேன் என்று பொருள். படம் சொல்வதையே வாசகமும் சொல்கிறது.

உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது? ஒவ்வொரு கேனிலும் ஆட்டிய தேதியைப் பென்சிலால் எழுதி அனுப்புவதாகவும், சில பழைய வாடிக்கையாளர்கள் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 'செவ்வாயும் வெள்ளியும் ஆட்டியது' என்று போட எனக்கு ஆசைதான். ஆனால் ஸ்டோர் ஆர்டர் பெருகி நீங்கள் தினம் ஆட்ட வேண்டி வந்தால் அன்றைக்கே அது பொய்யாகிவிடும். 'ஆட்டிய நாள் சொல்லும் எண்ணெய்' என்றால் ஆயிரம் லிட்டரானாலும் நிற்கும். தேதியை முன்பக்கத்திலேயே பெரிதாக அச்சிட்டால் வாசகமும் லேபிளும் ஒன்றுக்கொன்று சாட்சி. கதவோடு சேர்ந்து போக வேண்டுமானால் 'கதவு திறந்தால் வாசம்' என்பதையும் வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பாருங்கள். எதை அவர்கள் மறுநாள் திருப்பிச் சொல்கிறார்களோ அதை வையுங்கள்.

இனி வரிசையாக

முதலில் பெயரை மட்டும், எழுத்தாகப் பதிவுக்குப் போடுங்கள். வெறும் பெயரைப் பதிவு செய்தால் நாளை லோகோவின் வடிவம் மாறினாலும் உரிமை நிற்கும். தனிநபர் என்பதால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சிறுதொழில் சலுகைக்குள் வராத கம்பெனியாக இருந்தால் 9,000. பிறகு கையில் பணம் இருக்கும்போது லோகோவுக்கு ஒரு விண்ணப்பம். டேக்லைன் கடைசி, அது ஒரு வருடம் ஓடட்டும், அவசரமில்லை.

'எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்' என்ற கட்டத்தில் கைவையாதீர்கள், என்னைக் கேட்காமல். ஊர் அந்தப் பெயரைச் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பெயரில் உங்களிடம் ஒரு பில் கூட இல்லை. பொய்த் தேதி போட்டால் பின்னால் பிரமாணப் பத்திரத்தில் மாட்டுவீர்கள். 'இனி பயன்படுத்த உத்தேசம்' என்றே போடலாம். கூடவே 'நீலக்கதவு எண்ணெய் அஞ்சு லிட்டர் போடுங்க்கா' என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளை எல்லாம் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு மின்னஞ்சலில் சேர்த்து வையுங்கள். போன் தொலைந்தாலும் அவை இருக்கும்.

விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் எழுப்பி அறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். ஏற்றுக்கொண்டு வணிகச் சின்ன அலுவலகத்தின் இதழில் வெளியிட்ட பின் நான்கு மாதம் வரை மற்றவர்கள் எதிர்க்கலாம். யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு கிடைக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்தே அது செல்லும், பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். அதுவரை பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடும் அடையாளம் பதிவு கைக்கு வந்த பிறகுதான். விண்ணப்பம் போட்டதுமே அதைப் போடலாம் என்று உங்களுக்கு யாரோ சொன்னது தவறு. பதிவாகாததைப் பதிவானது என்று காட்டுவது அந்தச் சட்டப்படியே குற்றம்.

உணவுப் பாதுகாப்பு லைசென்ஸில் பெயர் மாற்றம் செய்துவிட்டே புது லேபிள் அடியுங்கள். முதல் முறை 10,000 வேண்டாம், 1,000 போதும். விலை கொஞ்சம் கூடத்தான் வரும். ஸ்டோர்க்காரரிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். பெயர்த் தகராறு உள்ள சரக்கை அலமாரியில் வைக்க அவர்களுக்கும் பிடிக்காது, கொடுப்பார்கள்.

ஈரோட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம். 'நாங்கள் வேறு பெயருக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். இருக்கும் கையிருப்பை இத்தனாம் தேதிக்குள் முடித்துவிடுவோம். உங்கள் உரிமை எதையும் இதன் மூலம் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை' என்று மூன்று வரி, மரியாதையாக, ஸ்பீடு போஸ்ட்டில். பதிவேட்டில் தேடிப் பார்த்த முடிவை எனக்கு அனுப்பினால் அந்த மூன்று வரியை நானே திருத்தித் தருகிறேன்.

குடியிருப்புக் குழுக்களில் பெயர் மாற்றத்தை எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். கதவின் முன்னால் நீங்கள் நிற்கிற ஒரு போட்டோவைப் போடுங்கள். மாமனாரோடு எடுத்த பழைய படம் இருந்தால், அதிலும் அந்தக் கதவு தெரிந்தால், அதையும் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பழைய படத்தின் அசலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், கதவு எத்தனை காலமாக நீலமாக இருக்கிறது என்பதற்கு நமக்கு அதுவும் ஒரு ஆதாரம்.